கூளி கூறிய வரலாறு: கலிங்கத்துப்பரணியில் மன்னரும் பேய்களும்

1890ஆம் ஆண்டு ‘இந்தியன் ஆண்டிகுவரி’ இதழின் வாயிலாக வி. கனகசபைப் பிள்ளை கலிங்கத்துப்பரணியை ஆங்கிலம் அறிந்த அறிஞருலகுக்கு அறிமுகப்படுத்தினார். ‘தமிழ் வரலாற்று நூல்கள்’ என்னும் பொதுத்தலைப்பின் கீழ் அக்கட்டுரை வெளிவந்தது. அத்தலைப்பு அந்நூலைப் பற்றிய ஒரு தீர்ப்பாகவும் அமைந்துவிட்டது. அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் செயங்கொண்டாரின் நூல் பெரிதும் சான்றாகவே படிக்கப்பட்டது. தி. வை. சதாசிவப் பண்டாரத்தார் 1930இல் எழுதிய ‘முதற் குலோத்துங்க சோழன்’ என்னும் நூலும், அடுத்த சில ஆண்டுகளில் வெளிவந்த கே. ஏ. நீலகண்ட சாத்திரியாரின் சோழர் வரலாறும் பரணியின் செய்திகளைக் கல்வெட்டுகளோடு ஒப்புநோக்கி ஏற்றும் விலக்கியும் பயன்படுத்தின. அப்பணியின் பெருமையை எவரும் மறுக்கவியலாது. மெய்க்கீர்த்தியின் சில அடிகளிலிருந்து மட்டும் ஓர் அரசனின் வாழ்வை மீட்டெடுப்பது எத்துணைக் கடினம் என்பதைச் சோழர் கல்வெட்டுகளோடு பழகியோர் அறிவர்.

ஆயினும் அவ்வாசிப்பு முறைக்கு ஒரு விலை இருந்தது. நூலிலிருந்து வரலாற்றை எடுத்துக்கொள்ள வேண்டுமாயின் பேய்களைக் களைந்தாக வேண்டும் என்பது அதன் எழுதப்படாத விதி. நெல்லிலிருந்து உமியை நீக்குவது போன்ற எளிய செயலாக அது கருதப்பட்டது. பரணியின் அமைப்பைச் சற்று உற்றுநோக்கின் அவ்வுவமை பொருந்தாமை புலப்படும். கடவுள் வாழ்த்தையும் கடைதிறப்பையும் நீக்கிவிட்டால், ஏறத்தாழ 600 தாழிசைகள் கொண்ட இந்நூலின் எஞ்சிய பகுதி முழுவதும் காளியின் காட்டிலும் கோயிலிலும் அவள் கால்படும் போர்க்களத்திலுமே நிகழ்கின்றது. சோழர் குடிவழியை உரைப்பது இமயத்திலிருந்து திரும்பிய ஒரு முதுபேய். குலோத்துங்கனின் பிறப்பும் வளர்ப்பும் முடிசூட்டும் காளியின் அவையில் விரிக்கப்படுகின்றன. கலிங்கப் போரின் காரணத்தையும் போக்கையும் முடிவையும் சொல்வது களத்திலிருந்து ஓடிவந்த ஒரு கூளி. ‘காளிக்குக் கூளி கூறியது’ என்பதே அப்பகுதியின் பெயர். ஆகவே வரலாற்றாசிரியர் எடுத்துக்கொண்ட ஒவ்வொரு செய்தியும் ஒரு பேயின் வாயிலிருந்து வந்ததாகவே நூலில் நிற்கின்றது. சான்று பகர்ந்தவரை நீக்கிவிட்டுச் சான்றை மட்டும் வைத்துக்கொள்வது எந்த வழக்காடு மன்றத்திலும் ஏற்கப்படாத முறை.

உண்மையில் வாழ்ந்த மாந்தரையும் அமானுட அச்சத்தையும் ஒரே புனைவில் இணைப்பது தற்காலப் புதினத்தின் புத்தாக்கமாகப் பலராலும் எண்ணப்படுகின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தன் பாட்டுடைத் தலைவன் உயிரோடு அரியணையில் வீற்றிருந்த காலத்திலேயே, ஓர் அரசவைப் புலவர் அதனைச் செய்துகாட்டினார். அவர் அதை ஏன் செய்தார், அப்பேய்கள் அந்நூலில் செய்யும் வேலை யாது என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள்.

அணங்கும் இறையும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்திற்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகின்றது. அணங்கு, விலங்கு, கள்வர் என்னும் மூன்றும் எந்நாட்டுக் கவிதையியலிலும் எதிர்பார்க்கத்தக்கவை. நான்காவதாக வருவது தம் இறை, அதாவது தம்மை ஆளும் அரசன். பேயும் தெய்வமும் அடங்கிய அணங்கையும், முறைசெய்து காக்க வேண்டிய மன்னனையும் ஒரே பட்டியலில் வைத்த அத்துணிவு போதிய கவனம் பெறவில்லை. உரையாசிரியர்கள் அதனைக் குற்றம் செய்தார்க்கு அரசன்பால் உண்டாகும் நடுக்கம் என்று அடக்கி விளக்கினர். நூற்பாவோ அவ்வரையறை எதனையும் கூறவில்லை.

சங்கச் செய்யுள்களில் இவ்விரு அச்சங்களும் சந்திக்கும் இடம் களவேள்வி. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடும் புறநானூற்றுப் பாட்டுகளிலும் மதுரைக்காஞ்சியிலும் அது வருகின்றது. பகைவர் தலைகள் அடுப்பாகின்றன, குருதி உலைநீராகின்றது, வெட்டுண்ட தோள்கள் துடுப்பாகின்றன. நெடுஞ்செழியன் வரலாற்று மாந்தன். தலையாலங்கானம் இன்றும் சுட்டிக்காட்டத்தக்க ஊர். அவன் வென்ற களத்தில் அடுகளம் அமைப்போர் பேய்மகளிர். ஆயினும் சங்கப்பாட்டில் அக்காட்சி சில அடிகளுக்குள் முடிந்துவிடும். புலவர் பார்த்துச் சொல்வார். பேய் வாய் திறவாது. செயங்கொண்டாருக்கு முன்னர் கொப்பத்துப் போரைப் பற்றியும் கூடலசங்கமப் போரைப் பற்றியும் பரணிகள் இருந்தமை பிற நூற்குறிப்புகளால் அறியப்படுகின்றது. அவை கிடைக்காமையால், பேய்க்கு முதன்முதல் நாவளித்தவர் செயங்கொண்டாரே என அறுதியிட இயலாது. கிடைத்தவற்றுள் பேய் பேசத் தொடங்கும் நூல் இது.

பரணி என்னும் பெயர் காளிக்கும் யமனுக்கும் உரிய நாண்மீனால் வந்தது என்பர். போரில் ஆயிரம் யானைகளை வென்றவனுக்கே அது பாடப்பெறும் என்பது பாட்டியலார் வகுத்த இலக்கணம். நூலின் பெயரோ வென்றவன் பெயரால் அமைவதில்லை. தோற்றவர் பெயரால் அமைகின்றது. கலிங்கத்துப்பரணி, தக்கயாகப்பரணி, பின்னாளில் தத்துவராயரின் மோகவதைப்பரணி என இம்மரபு தொடர்ச்சியாக நிற்கின்றது. உலாவும் பிள்ளைத்தமிழும் கோவையும் தலைவன் பெயரைத் தாங்க, வெற்றியைப் பாடுவதற்கென்றே வகுக்கப்பட்ட ஒரு வகைமை தோற்றவன் பெயரைத் தலையில் சூடிக்கொண்டிருப்பது வெறும் வழக்காறு என்று தள்ளத்தக்கதன்று. களத்தில் கிடப்பவர் யாரோ அவர் பெயரே விருந்தின் பெயர்.

மெய்ம்மாந்தர்

நூலின் மாந்தரை முதலில் பேயின்றி நோக்குவோம். முதற் குலோத்துங்கன் கீழைச் சாளுக்கியன் இராசராச நரேந்திரனுக்கும் முதலாம் இராசேந்திர சோழனின் மகள் அம்மங்கதேவிக்கும் பிறந்தவன். இராசேந்திரன் என்னும் இயற்பெயர் தாங்கியவன். அதிராசேந்திரனின் மிகக் குறுகிய ஆட்சிக்குப்பின் 1070இல் சோழ அரியணை ஏறினான். அதிராசேந்திரன் எவ்வாறு இறந்தான் என்பதில் அறிஞர்க்குள் இன்றுவரை கருத்தொற்றுமை இல்லை. தாய்வழியால் மட்டும் சோழனாகிய ஒருவன் தஞ்சை மரபின் முடியைச் சூடியதற்கு நியாயம் தேவைப்பட்டது. பரணியின் இராச பாரம்பரியமும் அவதாரமும் அந்நியாயத்தை வழங்குகின்றன. குழந்தையைக் கண்ட பாட்டி, இவன் தம் குலத்துக்கு உரியவனாக வேண்டும் என்று விரும்பியதையும், இடையில் மன்னனின்றி நாடு சீர்குலைந்ததையும், இருள் நீங்கக் கதிரவன் தோன்றினாற்போல அபயன் வந்ததையும் நூல் கூறுகின்றது. அதிராசேந்திரனின் முடிவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

எதிர்ப்புறத்தில் நிற்பவன் கீழைக்கங்க அரசன் அனந்தவர்மன் சோடகங்கன். 1078இல் பட்டமெய்தியவன். அவன் தாய் இராசசுந்தரி ஒரு சோழ இளவரசி. சோடகங்கன் என்னும் பெயரிலேயே சோழமும் கங்கமும் இணைந்து கிடக்கின்றன. தாய்வழியால் சோழக் குருதி பெற்ற இருவர் பொருத போர் இது. பரணி அவன் பெயரைக் கூறுகின்றது, உறவைக் கூறவில்லை. திறை செலுத்தத் தவறியதே போருக்குக் காரணம் என்கின்றது. அமைச்சன் எங்கராயனின் அறிவுரையை அவன் செவிமடுக்கவில்லை என்றும், படை அழிந்தபின் ஓடி ஒளிந்தான் என்றும் கூறி அவனை விட்டுவிடுகின்றது. வரலாறு அவனை அவ்வாறு விடவில்லை. 1110ஐ ஒட்டி நிகழ்ந்த அப்போருக்குப் பின்னரும் அவன் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டான். உத்கலத்தைத் தன் நாட்டோடு இணைத்தான். பூரி செகந்நாதர் பெருங்கோயிலின் தோற்றம் அவன் பெயரோடு பிணைந்தது. அதே காலத்தில், 1118 அளவில், குலோத்துங்கன் தன் தந்தை நாடாகிய வேங்கியை மேலைச் சாளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தனிடம் இழந்தான். ஏழு கலிங்கமும் வென்றதாகப் பாடப்பட்ட வெற்றி நிலத்தில் நெடுநாள் நிலைக்கவில்லை. அது நிலைத்த இடம் ஒரு நூல்.

மூன்றாமவன் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான். போரை நடத்தியவன் இவனே. குலோத்துங்கன் காஞ்சியில் இருந்தான். பாலாற்றங்கரையில் வேட்டையாடிவிட்டு வந்து சித்திர மண்டபத்தில் வீற்றிருந்தபோதுதான் திறை கொணர்ந்த மன்னரின் வரிசை அறிவிக்கப்பட்டது. அவையின் நடைமுறையைச் சொல்லுமிடத்தில் நூல் மிகுந்த துல்லியம் காட்டுகின்றது. திருமந்திர ஓலை என்னும் பதவி கல்வெட்டுகளில் உள்ளவாறே இதிலும் வருகின்றது. கலிங்கத்திலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்த ஒரு பேய் சோழ அலுவலரின் பதவிப்பெயரைப் பிழையின்றிச் சொல்வதில் ஒரு நகை உண்டு. அந்நகை தற்செயலாக வந்ததாகத் தோன்றவில்லை.

பசியின் முறைப்பாடு

இனிப் பேய்கள். காடு பாடியது, கோயில் பாடியது ஆகிய பகுதிகளில் செயங்கொண்டார் காட்டும் உலகம் வறட்சியால் ஆனது. வெயிலில் வெடித்த நிலம், பொரிந்த மரங்கள், நீர்வேட்கையால் துவளும் உயிர்கள். அதன் நடுவே காளிகோயில். தோற்ற மன்னர் தேவியரின் அணிகளும் வீரரின் குருதியும் தசையும் அதன் கட்டுமானப் பொருள்கள். அங்கே தம் தலையைத் தாமே அரிந்து காளிக்கு வைக்கும் வீரரும் உளர். இப்பகுதியைக் கற்பனையின் மிகை என்று கொள்வோர் மாமல்லபுரத்துத் திரௌபதி இரதத்தின் கொற்றவைச் சிற்பத்தையும் புள்ளமங்கையின் சிற்பத்தையும் நினைவுகூர்தல் வேண்டும். தேவியின் காலடியில் தன்னைப் பலிதரும் வீரன் கல்லில் வடிக்கப்பட்டவன். பரணியின் கொடூரக் காட்சிகளுள் ஒரு பகுதியேனும் புலவர் கண்ணெதிரில் இருந்த வழிபாட்டு மரபினின்று எடுக்கப்பட்டது.

இவ்வுலகத்துப் பேய்களின் முதன்மைப் பண்பு பசி. அச்சுறுத்துவதற்காக அவை வரவில்லை. ஒட்டிய வயிறும் வற்றிய உடலுமாக, பஞ்சத்தில் அடிபட்ட ஊரார் போல அவை காளியைச் சூழ்ந்து நிற்கின்றன. அவை தம் பசியைச் சொல்லும் பகுதிக்குப் ‘பேய் முறைப்பாடு’ என்று பெயர். அரசனிடம் குடிகள் குறையிரத்தல் என்னும் பொருளில் வரும் அச்சொல், இன்றும் ஈழத்தமிழர் வழக்கில் காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாருக்குரிய சொல்லாக உயிரோடு இருக்கின்றது. கருப்பொருள் பேயாயினும் வடிவம் குடிமக்களின் மனு. சோழப் பேரரசின் உச்சத்தில் இயற்றப்பட்ட ஒரு புகழ்நூலில் பசியைப் பற்றி நீளப் பேசும் ஒரே குரல் பேய்களுடையது என்பது கவனத்திற்குரியது.

முறைப்பாட்டிற்கு முன்னர் வரும் இந்திரசாலம் நூலின் மிக நுட்பமான பகுதி. காளியின் சினத்துக்கு அஞ்சி இமயம் சென்றிருந்த முதுபேய் திரும்பி வந்து, தான் கற்ற மாய வித்தையைக் காளிக்கும் கூளிகளுக்கும் காட்டுகின்றது. அறுபட்ட யானைத் தலைகளும் குருதி வெள்ளமும் மிதக்கும் பிணங்களும் கண்முன் விரிகின்றன. பசித்த பேய்கள் பாய்கின்றன; வெறுங்கையால் அள்ளுகின்றன; வெறுவாயை மெல்லுகின்றன; ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. இல்லாத களத்தைக் காட்டி இருக்கும் பசியைக் கிளறியதால் இறுதியில் அவையே வித்தையை நிறுத்துமாறு மன்றாடுகின்றன. இதற்குப் பின்னரே மெய்யான போரும் மெய்யான களமும் வருகின்றன. ஆனால் நூலைக் கேட்கும் அவையோருக்கு இரு களங்களும் ஒரே பொருளால், சொல்லால், ஆனவை. பொய்க்களத்தைச் சொல்லிக் கூளிகளை ஏமாற்றிய புலவரின் உத்தியும் மெய்க்களத்தைச் சொல்லி அவையை மகிழ்விக்கும் உத்தியும் வேறல்ல. முதற்களத்தில் வெறுவாயை மென்ற பேய்களைக் கண்டு நகைத்த அவை, இரண்டாம் களத்தில் தானும் அதனையே செய்கின்றது. செயங்கொண்டார் இதனை அறிந்தே செய்தார் என்று மெய்ப்பிக்க இயலாது. ஆயினும் பகுதிகளின் வரிசைமுறை அவரது. இந்திரசாலம் கதைப்போக்குக்குத் தேவையற்றது. அதனை நீக்கினும் போர் நிகழும். தேவையற்ற ஒன்றைப் புலவர் தெரிந்தெடுத்து முதலில் வைத்திருக்கின்றார்.

அதே முதுபேயே குடிவழியையும் உரைக்கின்றது. நாரதர் சொல்லக் கரிகாலன் இமயத்தில் எழுதிவைத்ததாகிய சோழர் வரலாற்றை அது அங்கே கண்டு வந்து காளிக்குக் கூறுகின்றது. அரசுரிமைக்கே ஐயம் இருந்த ஒரு மன்னனின் குலமுறையை மெய்க்கீர்த்தியில் அரசனே கூறலாம். செப்பேட்டில் வடமொழிப் புலவர் கூறலாம். இங்கே கூறுவது, சற்றுமுன் இல்லாததை இருப்பதாகக் காட்டிய வித்தைக்காரப் பேய். வரலாற்றாசிரியர் பேயை நீக்கிப் பட்டியலை எடுத்துக்கொண்டபோது இழந்தது இந்த அடைவைத்தான். புகழ்நூல் தன் புகழுரையின் மெய்ம்மையைத் தானே கேள்விக்குட்படுத்துகின்றது என்று சொல்வது மிகையாகலாம். அக்கேள்விக்கு இடம் வைத்திருக்கின்றது என்று சொல்வது மிகையாகாது.

யார் அரக்கன்?

இவ்விடத்தில் மேலை இலக்கியத்தின் மிகப் புகழ்பெற்ற இணையொன்றை நோக்குதல் பயனளிக்கும். பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ 1897இல் வெளிவந்தது. அதன் தலைமை மாந்தனின் பெயர் பதினைந்தாம் நூற்றாண்டில் வாலாக்கியாவை ஆண்ட மூன்றாம் விலாட் என்பவனுக்கு வழங்கியது. பகைவரைக் கழுவேற்றியதால் அவன் பெற்ற இழிபுகழ் செருமானிய நகரங்களில் அச்சிடப்பட்ட சிறு நூல்களால் பரவியது. 1499இல் நியூரம்பர்க்கில் வெளிவந்த ஒரு மரச்செதுக்குப் படத்தில், கழுவேற்றப்பட்டோர் காட்டின் நடுவே அவன் அமர்ந்து உணவு உண்கின்றான். ஸ்டோக்கரோ அவனைப் பற்றி மிகக் குறைவாகவே அறிந்திருந்தார் என்பது அவரது கைக்குறிப்புகளால் தெளிவாகின்றது. 1890இல் விட்பி நகர நூலகத்தில் வில்லியம் வில்கின்சன் என்பார் எழுதிய நூலொன்றில் அப்பெயரையும் அது பேய் என்று பொருள்படும் என்னும் அடிக்குறிப்பையும் கண்டார். அதற்குமுன் தம் பாத்திரத்துக்கு இட்டிருந்த ‘வாம்பைர்’ என்னும் பெயரை மாற்றினார். விலாடும் டிராகுலாவும் ஒருவரே என்னும் எண்ணம் பொதுமக்களிடையே வேரூன்றியது 1972இல் ரேமண்ட் மெக்நாலியும் ராடு புளோரெஸ்கூவும் வெளியிட்ட நூலுக்குப் பின்னரே.

இரு நூல்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு காலத்தால் மட்டும் ஆனதன்று. டிராகுலாவில் வரலாற்று மாந்தனே அரக்கனாகின்றான். தொலைநாட்டு, தோற்றுப்போன, மறுமொழி கூறவியலாத ஓர் அரசனின் பெயர் குருதி குடிக்கும் பிணத்தின்மேல் ஒட்டப்படுகின்றது. பரணியில் அம்மாற்றம் நிகழவே இல்லை. பகையரசன் சோடகங்கன் அரக்கனாக்கப்படவில்லை; அறிவுரை கேளாத, அஞ்சி ஓடிய மனிதன் அவ்வளவே. கலிங்க வீரர் எவரும் பேயாகவில்லை. குருதி குடிப்போர் சோழன் பக்கத்தவர். குலோத்துங்கனை வாழ்த்திக்கொண்டே உண்பவர். போர்முரசுகளை உரலாக்கி, யானைக் கொம்புகளை உலக்கையாக்கி, செத்தவர் பற்களை அரிசியாக்கிக் குற்றும்போது அவை பாடும் வள்ளைப்பாட்டு அபயனின் புகழ். அச்சத்தை எதிரியின்மேல் ஏற்றிவிடும் எளிய வழியைச் செயங்கொண்டார் மேற்கொள்ளவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவ்வழி அறியப்படாததும் அன்று. புராணங்களில் பகைவர் அசுரராதல் பெருவழக்கு.

கூழடும் பகுதி நீளமானது. அதனை முழுதும் இங்கு எடுத்துரைத்தல் வேண்டா. ஒன்று மட்டும் சுட்டத்தக்கது. விருந்துக்கு வரிசையாக அமரும் பேய்களுள் பார்ப்பனப் பேயும் சமணப் பேயும் புத்தப் பேயும் உள. குருட்டுப் பேயும் ஊமைப் பேயும் கருவுற்ற பேயும் உள. ஒவ்வொன்றுக்கும் அதனதன் நோன்புக்கும் குறைக்கும் ஏற்பப் படைக்க வேண்டும் என்று பரிமாறுவோர் கவலைப்படுகின்றனர். இப்பந்தி சோழநாட்டுச் சமுதாயத்தின் பந்தி. 1090இல் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு இறையிலிக் கொடையை உறுதிசெய்து செப்பேடு வழங்கியவன் இதே குலோத்துங்கன் என்பதையும், புலவரின் ஊராகக் கருதப்படும் தீபங்குடி சமணக் கோயில் உடைய ஊர் என்பதையும் இங்கு நினைத்தல் தகும். அரசனின் கொடையால் ஒரு பந்தியில் இருப்போர், அரசனின் போரால் இன்னொரு பந்தியிலும் இருக்கின்றனர். இதற்கு இணையான காட்சி தப்பியோடும் கலிங்கரிடத்தும் உண்டு. சிலர் வில்நாணைப் பூணூலாக்கி வேதியராகின்றனர். சிலர் தலைமயிரைப் பறித்துச் சமணராகின்றனர். சிலர் குருதிதோய்ந்த ஆடையால் சாக்கியராகின்றனர். சிலர் தெலுங்குப் பாணராகின்றனர். உயிர்பிழைக்க வேடமிட்ட மனிதரும் உண்ண அமர்ந்த பேய்களும் ஒரே சமயக் கோலங்களில் நிற்கின்றனர். டேவிட் சூல்மன் 1985இல் வெளிவந்த தம் நூலில் பரணியை நகைச்சுவை மரபோடு சேர்த்து ஆராய்ந்தது இதனால்தான் பொருத்தமாகின்றது. எனினும் அந்நகை எவரை நோக்கியது என்னும் வினா எஞ்சுகின்றது.

கலிங்கத்துப்பரணியைப் போர் எதிர்ப்பு நூல் என்று வாசிக்கும் போக்கு அண்மைக்காலத்தில் மேடைகளில் கேட்கின்றது. போரால் சிதறிய மக்களிடையே அவ்வாசிப்பு எழுவது இயல்பு. அதன் உணர்வு மதிக்கத்தக்கது. ஆனால் நூல் அதற்கு இடந்தரவில்லை. செயங்கொண்டார் கலிங்கர் அழிவில் மகிழ்கின்றார். காளியின் வயிறு நிறைவதில் பெருமிதம் கொள்கின்றார். அவரது நேர்மை வேறு வகையானது. வெற்றியின் விலையை அவர் மறைக்கவில்லை, ஏனெனில் அவர் காலத்தில் அவ்விலை வெற்றியின் அணிகலன். மெய்க்கீர்த்தி ‘கலிங்கத்தை வென்றான்’ என்று முடித்துக்கொள்ளும். பரணி அவ்வெற்றி எதனால் ஆனது என்பதைத் தசை, எலும்பு, பல் எனப் பிரித்துக்காட்டும். அவ்வாறு பிரித்துக்காட்டுவதற்கு ஒரு மனிதக் குரல் உதவாது. அவைக்களத்தில் நின்று ஒரு புலவர் அதைத் தம் வாயால் சொல்லியிருப்பாராயின் அது புகழாகுமோ பழியாகுமோ என்னும் ஐயம் எழும். பசித்த பேய் சொல்லும்போது அது விருந்தின் மகிழ்ச்சி. அம்மகிழ்ச்சியின் மறைவில் களம் முழுமையாக நூலுக்குள் வந்துவிடுகின்றது.

அக்களத்தில் மனைவியரும் வருகின்றனர். கணவனின் உடலைத் தேடி வந்த ஒருத்தி பிணந்தின்னும் இடாகினியிடமே அவன் கிடக்கும் இடத்தைக் கேட்கின்றாள். விழுந்த கணவனை நிலமகள் தழுவலாகாது என்று ஒருத்தி முந்திச்சென்று தழுவி உயிர்விடுகின்றாள். இப்பாடல்களில் நகை இல்லை. இவர்கள் எந்நாட்டவர் என்றும் நூல் அழுத்திச் சொல்லவில்லை. பேயிடம் வழிகேட்கும் பெண்ணே இந்நூலில் மனிதரும் அணங்கும் நேருக்கு நேர் பேசும் இடம். மன்னனும் பேயும் அவ்வாறு எங்கும் சந்திக்கவில்லை. குலோத்துங்கன் களத்துக்கு வரவில்லை. கூளிகள் காஞ்சிக்குச் செல்லவில்லை. தொல்காப்பியர் ஒரே நூற்பாவில் வைத்த அவ்விரு அச்சங்களையும் செயங்கொண்டார் ஒரே நூலில் வைத்தார்; ஒரே காட்சியில் வைக்கவில்லை. உயிரோடிருந்த அரசனின் அவைப்புலவர் செல்லத்தக்க எல்லை அது எனலாம்.

களத்தில் தேடிய அம்மனைவியருக்குப் பெயரில்லை. காஞ்சி அத்தியூர் அருளாளப்பெருமாள் கோயிலில், இதே குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டொன்று திருநறையூர் நாட்டு வண்டாழஞ்சேரியைச் சேர்ந்த கருணாகரன் என்னும் தொண்டைமானாரின் தேவியார் அளித்த கொடையைப் பதிவுசெய்கின்றது. பரணி ‘வண்டையர்கோன்’ என்று புகழும் படைத்தலைவன் மெய்யாக வாழ்ந்தவனே என்பதற்கு வரலாற்றாசிரியர் காட்டும் உறுதியான சான்று அது. அவ்வம்மையாரின் பெயர் அழகிய மணவாளனி மண்டையாழ்வார்.